சுட்ட நீலமா, சுடாத நீலமா? மாமா கல்லால் வீட்டில் கலவரம்

கல்லாதவன் (கோவை), ஞாயிறு இரவு 9.12

வணக்கம். ஔவையார் கதை என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும், இது கல் விவகாரம்.

போன மாதம் மாமா நண்பர்களோடு இலங்கை போய் வந்தார். இரத்தினபுரியில் சுரங்கம் காட்டினார்களாம். சுரங்கம் என்றால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. வயலோரம் கிணறு மாதிரி ஒரு குழி, மேலே ஓலைக் கூரை, தண்ணீர் இறைக்கிற பம்பு. உள்ளேயிருந்து வந்த சேற்றைக் கழுவி, பட்டாணி அளவில் அழுக்குக் கல்கண்டு மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து இதுதான் நீலம் என்றிருக்கிறார்கள். மாமா நம்பவில்லை. மறுநாள் கடையில் பளபளவென்று 3 காரட் நீலம் ஒன்றைப் பார்த்ததும் நம்பிவிட்டார். விலையை வெளியே சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

மோதிரத்துக்குக் கொடுக்கும் முன், அத்தையின் நச்சரிப்பு தாங்காமல் கல்லை ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். சீட்டில் வந்தது இது: "இயற்கைக் கொரண்டம். வகை: நீல சஃபையர். வெப்பமூட்டியதற்கான அடையாளங்கள் உண்டு."

கடைசி வரியைப் படித்ததும் வீடு இரண்டானது. அத்தையைப் பொறுத்தவரை இது கார்பைடு வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம். மாமா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குக் கேள்வி இரண்டு. இது போலியா? அப்புறம், அந்த அழுக்குக் கல்கண்டு எப்படி இந்தக் கல் ஆகிறது?

சந்தேகப்பிராணி, ஞாயிறு இரவு 9.20

சுற்றுலா போன இடத்தில் வாங்கினாரா? அப்போ கதை முடிந்தது. மாமாவைச் சாப்பிடச் சொல்லுங்கள், போன காசு போனதுதான்.

பாறைவாத்தியார் (சேலம்), ஞாயிறு இரவு 10.05

அவசரப்பட வேண்டாம். சீட்டை ஒழுங்காகப் படியுங்கள், முதல் சொல்லே "இயற்கை". மண்ணிலிருந்து வந்த கல்தான். மாமா ஏமாந்தாரா இல்லையா என்பது அவர் என்ன சொல்லி, என்ன விலைக்கு வாங்கினார் என்பதைப் பொறுத்தது.

கல் கடையில் நான்கு வகை உண்டு, கடைக்காரர்கள் வசதிக்கு ஏற்றபடி கலந்து பேசுவார்கள். மண்ணிலிருந்து எடுத்து வெட்டியதோடு விட்டது ஒன்று. மண்ணிலிருந்து எடுத்து, சூடு காட்டியோ எண்ணெய் ஊட்டியோ பக்குவப்படுத்தியது இன்னொன்று. மூன்றாவது செயற்கை: அதே பொருள், ஆனால் உலையில் வளர்ந்தது. நான்காவது போலி: நீலக் கண்ணாடியை நீலம் என்று கொடுப்பது. உங்கள் மாமாவின் கல் இரண்டாம் வகை. உலகச் சந்தைக்கு வருகிற நீலத்தில் பெரும்பகுதி இந்த வகைதான்.

கொரண்டம் என்பது வெறும் அலுமினியம் ஆக்சைடு. சுத்தமாக இருந்தால் நிறமே கிடையாது. துளி குரோமியம் சேர்ந்தால் சிவப்பு, நாம் சொல்லும் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். கடினத்தில் பத்துக்கு 9, வைரத்துக்கு அடுத்த படி. இந்த ஆங்கிலப் பெயரே நம்முடைய குருந்தம்தான், ஐரோப்பியர்கள் இங்கிருந்து எடுத்துப் போன சொல். எங்கள் சேலம், தருமபுரிப் பக்கம் குருந்தம் நிறையக் கிடைக்கும், ஆனால் நகைக்கு உதவாத ரகம். அதைப் பொடித்து அரக்கோடு பிசைந்துதான் அந்தக் காலத்தில் சாணைக்கல் செய்தார்கள். ஒரே பொருள், ஒரு பக்கம் கத்தி தீட்டியது, இன்னொரு பக்கம் ராணி விரலில் ஏறியது.

வெப்பமூட்டுவது பற்றி அனுபவப்பட்டவர் யாராவது எழுதினால் நல்லது. நான் புத்தகக்காரன்.

பேருவளை நானா, திங்கள் காலை 6.48

இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் இலங்கையில் பேருவளை, சீனன்கோட்டை. வாப்பா, அவருடைய வாப்பா, எல்லோருக்கும் கல் வியாபாரம்தான். எங்கள் தெருவில் வீடுகளுக்குள் சமையல் சத்தம், வெளியே கல் பேரம். பையன்கள் டோர்ச்சும் பூதக்கண்ணாடியும் பொக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் திரிவார்கள்.

முதலில் ஒரு சொல் தகராறு. எங்கள் பக்கம் "மாணிக்கக்கல்" என்றால் எந்த இரத்தினக்கல்லும்தான், நீலமும் மாணிக்கக்கல்தான். நீங்கள் சிவப்பை மட்டும் மாணிக்கம் என்பீர்கள். தமிழ்நாட்டு வியாபாரிகளோடு போனில் கதைக்கும்போது இதாலேயே எத்தனையோ குழப்பம்.

மாமா பார்த்த குழியைச் சொல்கிறேன். மலையில் இருந்த பாறை காலம் காலமாக மழையில் கரைந்து, கரையாத கல் மட்டும் தண்ணீரோடு உருண்டு வந்து பள்ளத்தில் தங்கிவிட்டது. மேலே வயல் மண், அதன் கீழே களி, அதற்கும் கீழே சரளைப் படுகை. அந்தப் படுகைக்குச் சிங்களத்தில் பெயர் "இல்லம". நாங்கள் இல்லம் என்போம். உங்களுக்கு இல்லம் என்றால் வீடு, எங்களுக்கு அதுதான் சோறு. குழி இறக்கும்போது சுவர் சரியாமல் மரச்சட்டம் அடித்து, சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் பெரணித் தழையைத் திணிப்பார்கள். தண்ணீர் கசியும், மண் நிற்கும். இல்லம் தட்டுப்பட்டால் அங்கிருந்து பக்கவாட்டில் குடைந்து போவார்கள். பம்பு நின்றால் குழி நிறைந்துவிடும், அதனால் இரவிலும் பம்பு ஓடும்.

எடுத்த சரளையைப் பிரம்புக் கூடையில் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று சுழற்றுவார்கள். கூடைக்கு "வட்டி" என்று பெயர். லேசான மண்ணும் கூழாங்கல்லும் விளிம்பால் வழிந்துவிடும், கனமானது அடியில் நிற்கும். கழுவி முடிந்த கூடையை வெயில் பக்கம் சாய்த்து, ஒரே ஒரு ஆள்தான் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். ஒரு சத்தம் இருக்காது. நான் சின்னப் பிள்ளையாக ஒருமுறை "அந்தா மினுங்குது" என்று கத்திவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மினுங்கியது வெறும் பளிங்குத் துண்டு. உண்மையான கச்சாக்கல் அப்படி மினுங்காது, தவிட்டு நிறத் தோலோடு முட்டாள் மாதிரி கிடக்கும்.

கிடைத்த காசில் காணிக்காரருக்கு, லைசன்ஸ் எடுத்தவருக்கு, பம்புக்காரருக்கு, குழிக்குள் இறங்குகிற ஆட்களுக்கு என்று பங்கு போகும். கல் விழாவிட்டால் இறங்கியவனுக்குச் சாப்பாடும் கைச்செலவும்தான். மாதக்கணக்கில் ஒன்றும் விழாத குழிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சூடு போடுகிற கதை பெரிது. ளுஹர் தொழுதுவிட்டு வந்து எழுதுகிறேன்.

கல்லாதவன், திங்கள் காலை 9.30

நானா, அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "கழுவுறவன் வாய்க்குள்ள போட்டுக்கிட்டா யார் பாக்கப் போறா" என்று கேட்கிறார். நானும் கேட்கிறேன்.

2021இல் யாரோ வீட்டுக் கொல்லையில் கிணறு தோண்டும்போது அரை டன் நீலம் கிடைத்ததாகச் செய்தி வந்ததே, அதுவும் இரத்தினபுரிதானே?

பேருவளை நானா, திங்கள் மதியம் 2.10

அத்தைக்கு வியாபார மூளை. அதற்காகத்தான் பங்காளிகள் எல்லோரும் சுற்றி நிற்பது.

ஆமாம், அது 510 கிலோ. 25 லட்சம் காரட்டுக்கு மேல். கேட்டால் தலை சுற்றும். ஆனால் அது பல கல் ஒட்டி வளர்ந்த கொத்து. நிறை வேறு, நகைக்கு வெட்ட உதவுகிற பகுதி வேறு. காட்சிக்கு வைக்கும் கல்லையும் மோதிரக் கல்லையும் ஒரே தராசில் போடக் கூடாது.

சரி, சூடு. எங்கள் பக்கம் "கெவுடா" என்று ஒரு கல் உண்டு. நீலம்தான், ஆனால் பால் கலந்த தண்ணீர் மாதிரி மங்கல். டோர்ச் அடித்தால் உள்ளே டீசல் நிறம் தெரியும். வாப்பாவின் இளமையில் இதை யாரும் மதிக்கவில்லை, ஒதுக்கிக் கொட்டினார்கள். 1970களில் தாய்லாந்து ஆட்கள் வந்து அதைக் கிலோக் கணக்கில் வாங்கிப் போனார்கள். இந்தக் குப்பை எதற்கு என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்களாம். கொஞ்ச நாளில் அதே கல் தாய்லாந்தின் சந்தபுரியிலிருந்து நல்ல நீலமாகத் திரும்பி வந்தது. சிரிப்பு நின்றது.

அவர்கள் செய்தது 1600 டிகிரிக்கு மேல் சூடு. ஊதுகுழலும் கரியும் வைத்துச் சூடு காட்டுவது எங்களுக்கும் பரம்பரையாகத் தெரியும். சிவப்புக் கல்லில் ஓடுகிற ஊதாச் சாயலை அப்படித்தான் எடுப்போம். ஆனால் கெவுடாவுக்கு அந்தச் சூடு பற்றாது. அப்புறம் எங்கள் ஆட்களும் காஸ், ஒட்சிசன் வைத்த உலை கட்டக் கற்றுக்கொண்டார்கள்.

அடுப்பில் வைக்கும் முன் கல்லில் உள்ள வெடிப்பையும் கறையையும் அரைத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் அங்கேதான் பிளக்கும். ஏற்றுவதும் இறக்குவதும் மெதுவாக. எங்கள் உலை திறக்கிற நேரம் வாப்பா வீட்டில் நிற்க மாட்டார், பள்ளிவாசல் பக்கம் போய்விடுவார். பெரியப்பாதான் மூடியைத் திறந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தாளில் வைப்பார். பத்தில் இரண்டு நீலமாக வந்திருக்கும், இரண்டு வெளிறிப் போயிருக்கும், ஒன்று இரண்டாகக் கிடக்கும், மிச்சம் போட்ட மாதிரியே இருக்கும். அன்றைக்கு அப்படி. இன்னொரு நாள் வேறு மாதிரி.

தம்பி, நான் கல் விற்கிறவன், அதனால் நேராகச் சொல்கிறேன். சுட்ட கல்லை விற்பது களவு இல்லை. சுட்ட கல்லைச் சுடாதது என்று விற்பதுதான் களவு. இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிது. மாமாவின் பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பாறைவாத்தியார், திங்கள் மாலை 5.40

நானா சொன்ன பால் மங்கலுக்குக் காரணம் உள்ளே இருக்கும் ரூட்டைல் ஊசிகள். டைட்டானியம் ஆக்சைடு, பட்டு நூல் மாதிரி மெல்லியது. அதனால் பெயரும் "பட்டு". உலைச் சூட்டில் இந்த ஊசிகள் கரைந்து, டைட்டானியம் கல்லுக்குள்ளேயே கலந்துவிடும். ஏற்கெனவே உள்ள இரும்போடு அது சேரும்போது நீலம் பிறக்கிறது. மங்கலும் போயிற்று, நிறமும் வந்தது. வெளியிலிருந்து ஒன்றும் சேர்க்கவில்லை. தங்கம் 1064 டிகிரியில் உருகிவிடும், கொரண்டம் 2000 டிகிரி தாண்டியும் உருகாமல் நிற்கும், அதனால்தான் இந்த வித்தை இதில் நடக்கிறது.

நட்சத்திர நீலக்கல்லில் தெரியும் ஆறு கதிரும் இதே பட்டு தருவதுதான். சுட்டால் நட்சத்திரம் போய்விடும். நியூயார்க் அருங்காட்சியகத்தில் உள்ள 563 காரட் "ஸ்டார் ஆஃப் இந்தியா" இப்படிப்பட்ட கல்தான். பெயரில்தான் இந்தியா, கல் இலங்கையுடையது.

கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. சுடும்போது பெரிலியம் என்ற தனிமத்தையும் உள்ளே ஏற்றி நிறம் மாற்றுவது 2002 வாக்கில் வெளியே தெரிந்து பெரிய சண்டையானது. அது வெளியிலிருந்து சேர்ப்பது, கணக்கே வேறு. உங்கள் சீட்டில் வெப்பம் என்று மட்டும் இருந்தால் நிம்மதியாக இருங்கள்.

காரைக்குடிக்காரி, திங்கள் இரவு 8.15

உங்களுக்காவது சீட்டு இருக்கிறது. என் கதையைக் கேளுங்கள்.

மகள் வளைகாப்புக்குச் சிவப்புக்கல் பதக்கம் வாங்கினேன். கல் நல்ல பெரிசு, விலை ஆச்சரியமாகக் குறைவு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆறு மாதத்தில் கொக்கி விட்டுப்போய், பற்றவைக்கக் கொடுத்தோம். திரும்பி வந்த கல்லில் வெள்ளையாக வலை வலையாகக் கோடு, கோலத்தை மழை அழித்த மாதிரி. ஆசாரி நான் ஒன்றும் செய்யவில்லை என்கிறார். கடையில் ஆசாரி கெடுத்துவிட்டார் என்கிறார்கள். ஆச்சி காலத்து வைரத்தோட்டை எத்தனை தடவை அழித்துச் செய்திருக்கிறோம், ஒரு கீறல் கிடையாது. புளூ ஜாகர் என்கிற உயர்ந்த ரக வைரம் அது, சும்மாவா!

வடசேரி பத்தர், திங்கள் இரவு 9.02

அம்மா, அந்த ஆசாரியைத் திட்டாதீர்கள். உங்கள் கல் ஈயக் கண்ணாடி ஊட்டிய கல்லாக இருக்கும். வெடிப்பு நிறைந்த மட்டமான சிவப்புக் கொரண்டத்தை அமிலத்தில் கழுவி, வெடிப்புக்குள் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி விடுகிறார்கள். வெடிப்பு மறைந்து கல் தெளிவாகிவிடும். 2004 வாக்கிலிருந்து சந்தையில் நிறையப் புழங்குகிறது. ஊதுகுழல் தீ பட்டால் அந்தக் கண்ணாடி தாங்காது. பற்றவைத்த பிறகு நகையை அமிலத்தில் போட்டு எடுப்போம், அதிலும் அரித்துவிடும். அமிலம் வேண்டாம், எலுமிச்சைச் சாறே போதும்.

என் பட்டறையில் யார் சிவப்புக்கல் நகை கொண்டுவந்தாலும், முதலில் லென்சில் பார்த்து, வெடிப்போரம் நீலமாகத் தீப்பொறி மாதிரி மினுக்கமோ குமிழோ தெரிந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தீ காட்டுவேன். இல்லையா, கல்லைக் கழற்றிவிட்டு வேலை.

மரகதத்துக்கும் இதே ஜாக்கிரதை. அதில் வெடிப்பு இல்லாத கல் அபூர்வம், எண்ணெய் ஊட்டித்தான் வரும். சூடும் ஆகாது, கடைகளில் குலுக்கிக் கழுவுகிற அந்த அல்ட்ராசோனிக் தொட்டியும் ஆகாது. மாமாவின் நீலத்துக்கு இந்தப் பயம் இல்லை. 1600 டிகிரி பார்த்த கல்லுக்கு என் ஊதுகுழல் ஒரு பொருட்டா?

ஆனால் ஒன்று. கல் பதிக்கும்போது பின்பக்கத்தைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர்க் கோயில் நகையில் கெம்புக்குப் பின்னால் தங்கத் தகடு வைத்து மூடிப் பதிப்போம், அது தட்டையான கல், தகடுதான் அதற்கு ஒளி. பட்டை தீட்டிய நீலத்தை அப்படி மூடினால் கொஞ்ச நாளில் சோப்பும் எண்ணெயும் உள்ளே சேர்ந்து கல் செத்துப்போகும்.

சந்தேகப்பிராணி, திங்கள் இரவு 9.30

ஆக மொத்தம் யாரையும் நம்பக் கூடாது. அதைத்தான் நானும் சொன்னேன்.

ராசிபலன்ராஜா, திங்கள் இரவு 10.44

சூடு பட்ட கல்லுக்குச் சனி பகவான் அருள் இறங்காது. நெருப்பில் அதன் சக்தி எரிந்துவிடும். மாமா ராசி என்ன? கன்னியா, மகரமா?

நெறியாளர், திங்கள் இரவு 10.51

ராசிக்கல் பலன் பற்றிப் பேசத் தனி இழை இருக்கிறது. இங்கே கல்லோடு நிறுத்திக்கொள்வோம்.

கல்லாதவன், செவ்வாய் காலை 7.05

மாமா பில்லைத் தேடி எடுத்தார். கையெழுத்தில் "நெச்சுரல் ப்ளூ சஃபையர்" என்று மட்டும் இருக்கிறது. சுட்டது, சுடாதது பேச்சே இல்லை. மாமாவும் கேட்கவில்லையாம். கல் மினுமினுப்பைப் பார்த்துக் கேட்க மறந்துவிட்டாராம்.

அந்த மினுமினுப்பைப் பற்றித்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை. நிறம் உலையில் வந்தது, சரி. பளபளப்பு எங்கிருந்து?

உறையூரான் (திருச்சி), செவ்வாய் பகல் 11.25

இதற்கு நான் எழுதலாம். அம்மா 31 வருடம் பட்டை தீட்டினார்.

திருச்சியில் செயற்கைக் கல் பட்டை தீட்டுவது ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு. உறையூர் மட்டும் இல்லை, சுற்றுக் கிராமங்கள், புதுக்கோட்டைப் பக்கம் வரை. பீடி சுற்றுகிற ஊரில் முறம் இருக்கிற மாதிரி எங்கள் தெருவில் திண்ணைக்குத் திண்ணை சாணை இருந்தது. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்ற, படுக்கையாக ஒரு தட்டு சுழலும். மறு கையில் குச்சி, குச்சி முனையில் அரக்கு, அரக்கில் கல்.

கல் ஒட்டுவதே ஒரு வேலை. அரக்கை விளக்கில் காட்டி இளக்கி, கல்லையும் லேசாகச் சூடாக்கி முனையில் வைத்து, எச்சில் தொட்ட விரலால் உருட்டி நேராக்குவார். கல் ஒரு மயிரிழை சாய்ந்து ஒட்டினாலும் பட்டைகள் எல்லாம் சாயும். முதலில் நடுவில் பெரிய தட்டைப் பட்டை. அதைச் சுற்றி எட்டு, அந்த எட்டுக்கு மேலும் கீழும் குட்டிப் பட்டைகள். மேல்பக்கம் முடிந்ததும் அரக்கை இளக்கிக் கழற்றி, கல்லைத் தலைகீழாக ஒட்டி அடிப்பக்கம். மேலே 33, கீழே 24, மொத்தம் 57. இத்தனையும் 2 மில்லிமீட்டர் கல்லில். அதாவது ஒரு கடுகில்.

அம்மா கல்லைப் பார்த்து வெட்டியதாக எனக்கு நினைவே இல்லை. பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே வெட்டுவார். காது மட்டும் தட்டில் இருக்கும். பட்டை முழுசாகத் தட்டில் படிந்ததும் சத்தம் மாறுமாம், "ஸ்ர்ர்" என்பது "ஸ்ஸ்" ஆகும், அப்போது எடுத்துவிட வேண்டும். நான் பத்து நிமிடம் செய்து பார்த்து, ஒரு கல்லைத் தூளாக்கி, அதற்குக் கூலி பிடித்தார்கள் என்று ஒரு மாதம் பாட்டு வாங்கினேன்.

பளபளப்புக்கு வருகிறேன். அரைப்பது வேறு, மெருகு வேறு. அரைத்த பட்டை உறைபனிக் கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கும். இன்னும் மெல்லிய பொடி வைத்து மெருகு போட்டால்தான் கண்ணாடி ஆகும். அப்படி மெருகு போட்டும் கல் இருட்டாக இருக்கலாம், கோணம் தப்பினால். மேலே விழுந்த வெளிச்சம் அடிப்பட்டையில் மோதித் திரும்பி மேலேயே வர வேண்டும். வைரத்துக்கு அடிக்கோணம் 41 டிகிரி அளவில் வைப்பார்கள். அதே கோணத்தை ஸ்படிகத்தில் வெட்டினால் வெளிச்சம் அடியில் ஒழுகிவிடும், ஸ்படிகத்துக்கு ஒளியை மடக்கும் சக்தி குறைவு. அப்படி ஒழுகுகிற இடத்தை "ஜன்னல்" என்பார்கள். மாமா கல்லைச் செய்தித்தாள் எழுத்து மேல் தலைகுப்புற இல்லாமல் நேராக வைத்து, மேலிருந்து பாருங்கள். நடுவில் எழுத்து தெரிந்தால் ஜன்னல்.

பேருவளை நானா, செவ்வாய் பகல் 12.40

உறையூர்த் தம்பி, வாப்பா இதைப் படித்திருந்தால் உங்கள் உம்மாவுக்கு சலாம் சொல்லச் சொல்லியிருப்பார்.

எங்கள் கல்வெட்டுக்காரர்களின் சிக்கல் வேறு. உங்களுக்குக் கச்சாக்கல் ஒரே மாதிரி வரும். எங்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை. நீலக்கல்லில் நிறம் பரவலாக இருக்காது, ஒரு மூலையில் திட்டாக நிற்கும், மிச்சம் வெள்ளை. கல்லைத் தண்ணீரில் போட்டு, வெள்ளைத் தாள் மேல் வைத்து, திருப்பித் திருப்பி அந்தத் திட்டு எங்கே என்று தேடுவோம். பிறகு வெட்டும்போது அந்தத் திட்டு அடிக்கூம்பின் நுனியில் வருகிற மாதிரி வைப்போம். மேலிருந்து பார்த்தால் கல் முழுக்க நீலம். பக்கவாட்டில் பிடித்தால் நுனியில் மட்டும் ஒரு சொட்டு மை. இது ஏமாற்று இல்லை, கலை. பார்க்கிற திசையும் முக்கியம். ஒரு திசையில் சுத்த நீலமாகத் தெரிகிற கல் மறு திசையில் பச்சை தட்டும். நல்ல திசையை மேலே கொண்டுவர எடையை இழக்க வேண்டும், எடையை இழந்தால் காசு போகும். கச்சாவில் பாதிக்கு மேல் தூளாகப் போவது சாதாரணம். அதனால்தான் எங்கள் பழைய வெட்டில் கல்லுக்கு அடிவயிறு பானை மாதிரி இருக்கும். எடையைக் காப்பாற்றுகிறோம் என்று ஒளியைக் கொன்றுவிடுவார்கள். இதில் எனக்கும் வாப்பாவுக்கும் கடைசி வரை சண்டை.

சந்தேகப்பிராணி, செவ்வாய் மதியம் 1.15

உறையூராரே, நீங்கள் வெட்டியது "அமெரிக்கன் டைமண்ட்" தானே? அதுவும் ஒரு ஏமாற்றுப் பெயர்தானே? ஜிர்கான் என்று வேறு சொல்கிறார்கள்.

பாறைவாத்தியார், செவ்வாய் மாலை 4.00

பெயர் விஷயத்தில் ஒருமுறையாவது நீங்கள் சொல்வது சரி. அதில் அமெரிக்காவும் இல்லை, டைமண்டும் இல்லை. கியூபிக் ஜிர்கோனியா. நகைக்கு உதவும் அளவில் அதை வளர்த்துக் காட்டியது 1970களில் மாஸ்கோவின் லெபடெவ் இயற்பியல் நிறுவனம். 2700 டிகிரிக்கு மேல் உருகுகிற பொருளை எந்தப் பாத்திரத்தில் உருக்குவது? பாத்திரமே உருகிவிடுமே. வெளிப்பக்கத்தைத் தண்ணீரால் குளிர்வித்து, உள்ளே மட்டும் ரேடியோ அலையால் உருக்கினார்கள். உருகாத மேலோடே பாத்திரம் ஆயிற்று. இளநீர் ஓட்டுக்குள் தண்ணீர் மாதிரி.

ஜிர்கான் என்பது வேறு, மண்ணில் கிடைக்கும் இயற்கைக் கல். ஜிர்கானும் ஜிர்கோனியாவும் பெயரில்தான் பங்காளிகள்.

பேருவளை நானா, செவ்வாய் மாலை 4.22

நிறமில்லாத அந்த ஜிர்கானைத்தான் ஒரு காலத்தில் "மாத்தறை வைரம்" என்று விற்றார்கள். பெயர் வைத்து விற்கிற தொழில் மாஸ்கோவுக்கு முந்தியது.

உறையூரான், செவ்வாய் மாலை 6.30

சந்தேகப்பிராணி அவர்களே, எங்கள் தெருவில் யாரும் அதை வைரம் என்று விற்கவில்லை. "கல்லு" என்றுதான் சொல்வோம். "கல்லு வந்துருச்சா?" "கல்லு குடுத்துட்டியா?" வைரமாக்கியது அதற்கப்புறம் கைமாறிய கடைகள்.

இப்போது அந்தச் சாணையும் இல்லை. சீனாவில் வூசோவிலிருந்து இயந்திரத்தில் வெட்டிய கல் கிலோக் கணக்கில் வருகிறது, ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி. அம்மா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் வெட்டிருக்கான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சக்கரம் பரணில் கிடக்கிறது.

கல்லாதவன், வியாழன் இரவு 9.50

இரண்டு நாளாக வரவில்லை. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கினேன், வீட்டில் எல்லோரும் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

மாமா கல்லில் செய்தித்தாள் எழுத்து நடுவில் லேசாகத் தெரிகிறது, ஜன்னல் உண்டு. அடிவயிறு பானைதான். பக்கவாட்டில் பிடித்தால் நானா சொன்ன அந்த ஒரு சொட்டு மை நுனியில் அப்படியே நிற்கிறது. அதைக் காட்டியதும் மாமா எழுந்து போய் இரண்டு இட்லி சாப்பிட்டார். அத்தை இன்னும் மாம்பழத்திலிருந்து இறங்கவில்லை, ஆனால் மோதிரத்துக்குக் கொடுக்கச் சம்மதம். பின்பக்கம் திறந்துதான்.

கல்லுக்குள்ளே ஒரு இடத்தில் சின்னதாக வட்டத் தட்டு மாதிரி, நடுவில் புள்ளியோடு தெரிகிறது. அது என்ன?

பாறைவாத்தியார், வியாழன் இரவு 10.10

உள்ளே மாட்டியிருந்த குட்டிப் படிகம் ஒன்று சூட்டில் விரிந்து, சுற்றிலும் வட்டமாக வெடித்திருக்கிறது. சோதனைக்கூடம் அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கும். வளைவு வளைவாகக் கோடுகள் தெரிகின்றனவா? இல்லையென்றால் நல்லது. தீச்சுடரில் பொடியைத் தூவி வளர்க்கிற செயற்கைக் கல்லில், பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் 1902இல் சொன்ன முறையில் செய்தது, இசைத்தட்டு மாதிரி வளைகோடு இருக்கும். மண்ணில் வளர்ந்த கல்லில் நேர்கோடும் மூலையும்தான்.

கல்லாதவன், வியாழன் இரவு 10.25

வளைகோடு இல்லை. நேராகத்தான் இருக்கிறது.

இப்போது அம்மா தன் கல்யாணத் தோட்டைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டார். வெள்ளைக்கல், 1986இல் தாத்தா திருச்சியில் வாங்கியது. வைரம் இல்லை என்று அப்போதே சொல்லித்தான் கொடுத்தார்களாம். லென்சில் பார்த்தால் பட்டைகளின் முனைகள் ஒரே புள்ளியில் சேரவில்லை. ஒன்று கொஞ்சம் ஏறி, ஒன்று கொஞ்சம் இறங்கி. ஏழு கல்லில் ஒவ்வொன்றும் ஒரு விதம். மட்டமான வெட்டா?

உறையூரான், வியாழன் இரவு 10.41

கைவெட்டு. இயந்திரமாக இருந்தால் ஏழும் ஒன்றுபோல் இருக்கும்.

முடிந்தால் அந்த நடுக்கல்லை லென்ஸ் வழியாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அம்மா இன்னும் தூங்கவில்லை, காட்டுகிறேன்.